எனக்காக உள்ளே போகிறவள்

போலீஸ்காரர் செல்போனில் காட்டிய படத்தில் இருந்தது என் அண்ணனின் சட்டைதான். கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. காலர் பட்டன் மட்டும் வேறு நிறம், நானே தைத்தது. எண்ணூர்க் கரையில் ஒதுங்கிய உடலில் இருந்ததாகச் சொன்னார்.

காசிமேட்டிலிருந்து போன விசைப்படகு புயலில் கவிழ்ந்ததில் மற்றவர்களை மீட்டுவிட்டார்கள். இரண்டு பேரை மட்டும் காணவில்லை. ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் எர்ணாவூர்க்காரர். அவர் மனைவியை, பிறகு நான் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியவளை, பிணவறை வாசல் பெஞ்சில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளே கிடப்பது ஒருவர். அது என் அண்ணன் என்றால் அவள் புருஷன் எங்காவது உயிரோடு இருக்கலாம். அப்படி நினைத்து அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தால்கூட நான் தப்பாக எடுத்திருக்க மாட்டேன். அவளோ நகர்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

“சட்டைய வெச்சி இன்னா சொல்ல முடியும் கண்ணு? கடல்ல எது காய்ஞ்சிகினு கீதோ அத எடுத்து மாட்டிக்குவாங்க. எங்க வூட்டுக்காரரு எத்தினி வாட்டி வேற ஆளு சட்டையோட வந்துகீறாரு!”

அண்ணனும் அப்படி வந்ததுண்டு. ஆனாலும் போலீஸ்காரர் உள்ளே கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. அக்கா இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

“மூஞ்ச பாத்து கண்டுபுடிக்க முடியாதாம். உன் அண்ணன நான் பாக்குறேன், எங்காள நீ பாரு. அவங்கவங்க ஆள அவங்கவங்களே தேடுனா நெஞ்சு வெடிச்சிடும்.”

அடையாளங்களைச் சொல்லிக்கொண்டோம். அண்ணனுக்கு இடது கால் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். அவள் கணவர் வலது கையில் அவள் பெயரைப் பச்சை குத்தியிருந்தார்.

உள்ளே உடலின் கால்மாட்டுக்கு அவள் போனாள். நான் வலது கையைத் திருப்பினேன். ஊறிப்போன தோலில் அவள் பெயர் அப்படியே இருந்தது. என்னையும் அறியாமல் அதை உள்ளங்கையால் மூடினேன். அதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். “வெரலு முழுசா கீது! உன் அண்ணன் இல்ல கண்ணு!” என்றாள். எனக்காக அவள் முகம் மலர்ந்திருந்தது. பிறகுதான் என் கையைப் பார்த்தாள்.

அண்ணன் இன்றுவரை கிடைக்கவில்லை. எங்காவது உடல் ஒதுங்கியதாகப் போன் வந்தால், போட்டது போட்டபடி எர்ணாவூரிலிருந்து அக்கா வந்துவிடுகிறாள். நான் பெஞ்சில் உட்காருகிறேன், அவள் உள்ளே போகிறாள். கதவு திறக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். “இல்ல கண்ணு” என்பாள். அப்போதும் பயம் போவதில்லை. அண்ணன் இன்னும் கடலில்தான் இருக்கிறான்.