பட்டியலில் இல்லாத இடதுகால்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எழுதவென்று இரண்டு முறை கொப்பி வாங்கினேன். ஒன்றில் அம்மா கடைச் சாமான் பட்டியல் போட்டுவிட்டா, மற்றதில் அக்காவின் மகள் பூனை கீறிவிட்டாள். பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்ட எனக்கு அது நல்ல சாட்டாகவும் போய்விட்டது. உண்மையான காரணம் வேறு. இந்தக் கதையில் பிழை விட்டவன் நான். அப்படி ஒரு கதையை எவன் தானாக இருந்து எழுதுவான்?

போன கிழமை உள்ளூர்ப் பேப்பரில் ஒரு படம் வந்தது. பக்கத்து மாவட்டத்து அணியொன்று மேல் பிரிவுக்குப் போயிருக்கிறது. பெடியன்கள் துள்ளுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் அவர், வெயிலிலும் அதே நீளக் காற்சட்டையோடு, சிரிக்காமல் நிற்கிறார். படத்தைப் பார்த்ததும் பழைய சந்தேகம் திரும்ப வந்து குந்திவிட்டது.

அவர் ருமேனியர். உலகக்கிண்ணம் ஜெர்மனிக்கு வருவதற்கு முதல் வருடம் எங்கள் ட்ரெய்னராக இருந்தவர். எங்கள் ஊர் கொலோனிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். மைதானத்தில் புல் கிடையாது, சிவப்புச் சாம்பல் மண்தான். விழுந்தால் முழங்காலில் மிளகாய்த்தூள் தடவினமாதிரி இரண்டு கிழமைக்கு எரியும். பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் அணியில் நாங்கள் இரண்டு தமிழர். நான் முன்வரிசை. கோல் காக்கிறவன் என் நண்பன், மன்னார்க்காரன். ஞாயிறு காலையில் ஆட்டம் என்றால் மாதா கோயில் பூசையை விட்டுவிட்டு வருவான், அந்தப் பாவத்தையும் என் தலையில் போட்டுத் திட்டுவான்.

பத்தொன்பதுக்கு உட்பட்டோர் என்றேன். என்னுடைய விளையாட்டு அட்டையில் வயது பதினெட்டு. உண்மையில் இருபது. அப்பா எங்களை இங்கே எடுக்க விண்ணப்பம் போட்ட நேரம், பிள்ளைக்கு வயது குறைவென்றால் நல்லது என்று ஆரோ சொல்ல, என்னில் இரண்டு வருடத்தை வெட்டிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இப்படி இரண்டு பிறந்தநாள் இருக்கும். ஒன்றுக்கு அம்மா பாயாசம் காய்ச்சுவா, மற்றதுக்கு வேலையிடத்தில் கேக் வெட்டுவார்கள். இதை நான் சுத்துமாத்து என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பெயரும் அப்படித்தான். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை நிரப்பியிருந்தார்கள். ட்ரெய்னர் கோட்டோரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டால் அப்பாவைத்தான் கூப்பிடுவார். "பின்னுக்கு ஓடு, சோம்பேறி" என்று அப்பாவின் பெயரைச் சொல்லி ஒருவர் கத்துவதைக் கேட்க எனக்கு வலு சந்தோசம். வீட்டில் அது ஏலாது.

ட்ரெய்னர் தன் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொல்லுவார், வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது கழக வான் வண்டியின் முன்சீற்றில் இருந்தபடி. சுரங்க ஊரில் பிறந்தாராம். ருமேனியாவின் முதல் பிரிவில் ரயில்வேக்காரர்களின் அணிக்கு இடது பக்கம் ஓடினாராம். இடதுகால் அப்படி ஒரு காலாம். பிறகு ஒரு ஆட்டத்துக்காக மேற்கு ஜெர்மனிக்கு வந்த இடத்தில், காலைச் சாப்பாட்டு நேரம் ஹோட்டலை விட்டு நழுவி, திரும்பிப் போகவே இல்லையாம். டயர்க் களஞ்சியத்தில் வேலை, பின்னேரம் சின்னக் கழகங்களில் உதைபந்தாட்டம், முழங்கால் போனது, அதன்பிறகு குழந்தைகளுக்குப் பயிற்சி, கடைசியில் நாங்கள்.

கதை நல்ல கதைதான். ஆனால் ஒரு பருவம் முழுக்க அந்த மனிதர் பந்தை உதைத்து நான் பார்க்கவில்லை. பந்து உருண்டு பக்கத்தில் வந்தால் விலகுவார், இல்லாவிட்டால் குனிந்து கையால் எடுப்பார். ஆடி மாதத்து வெயிலிலும் நீளக் காற்சட்டை. முதல் பிரிவில் ஓடிய கால் எங்கே?

இன்னொன்றும் இருந்தது. ஹோட்டலை விட்டு எப்படி வெளியே வந்தார் என்பதை ஒருமுறை சமையல்காரர்களின் குசினிக்குள்ளால் என்றார். மாரிகாலம் திரும்ப அதே கதை வந்தபோது கார்த் தரிப்பிடத்துக்குள்ளால் என்றார். வானில் இருந்த ஜெர்மன் பெடியன்கள் எவனும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஆருக்காவது அகதி விசாரணை வந்தால், முதல்நாள் பின்னேரம் அவரைக் கதிரையில் இருத்தி, எல்லாரும் அதிகாரிகளாக மாறிக் கேள்வி கேட்பார்கள். எந்த வாசலால் வெளியேறினீர்? கதவு என்ன நிறம்? மழையா வெயிலா? ஒரு பதில் இன்னொன்றோடு முட்டினால் அப்பா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்து, "முடிஞ்சுது, உம்மைத் திருப்பி அனுப்பப் போறாங்கள்" என்பார். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். கணக்குப் பாடம் மண்டைக்குள் ஏறாது, ஆனால் ஒரு கதையில் ஓட்டை எங்கே என்று சொல்லுவேன்.

"குசினியோ, தரிப்பிடமோ? ரெண்டில ஒண்டு பொய்" என்றேன் நண்பனிடம்.

"உன்னை பெஞ்சில இருத்திப்போட்டாரெண்ட கோவம் உனக்கு."

"மூண்டு ஆட்டம் மச்சான். மூண்டு ஆட்டம் சும்மா இருத்தினவர்."

"நீ பந்தை ஒருத்தனுக்கும் குடுக்கிறேல்லை. நானெண்டா வீட்டிலயே இருத்தியிருப்பன்."

அந்தக் கோபமும் இருந்தது. ஒளிக்க மாட்டேன்.

பழைய முதல் பிரிவு வீரர்களின் பட்டியல்கள் அப்போது இணையத்தில் வரத் தொடங்கியிருந்தன. தமிழ்க்கடையின் பின்பக்கம், தொலைபேசிக் கூண்டுகளுக்குப் பக்கத்தில் இருந்த கணினியில் இரண்டு பின்னேரம் தேடினேன். ரயில்வே அணி இருந்தது, அந்தக் காலத்து ஆட்களும் இருந்தார்கள். அவருடைய பெயர் மட்டும் இல்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை.

அப்போது கழகத்தில் ஒரு முடிவு எடுக்க இருந்தார்கள். பெரியவர்களின் முதல் அணிக்கு ட்ரெய்னர் இல்லை. இவரைப் போடலாம் என்று பேச்சு. அவருக்கு அது பெரிய விசயம். வானில் போகும்போது ஒருநாள், அந்த இடம் கிடைத்தால் இனிப் பெடியன்களின் சொக்ஸ் எண்ணத் தேவையில்லை என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

நான் பகிடிக்குத்தான் செய்தேன். ஒரு தாளில் தேடப்படும் ஆளின் அறிவித்தல் மாதிரி அடித்தேன். மேலே அவருடைய பெயர். ஆடிய ஆட்டங்கள்: பூச்சியம். அடித்த கோல்: பூச்சியம். தப்பிய வழி: குசினி அல்லது தரிப்பிடம், விசாரணை தொடர்கிறது. உடுப்பு மாற்றும் அறைக் கதவில் ஒட்டினேன். பெடியன்கள் விழுந்து சிரித்தார்கள். ட்ரெய்னர் வந்தார், நின்று வரிவரியாக வடிவாக வாசித்தார், கழற்றி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "இண்டைக்குப் பந்து இல்லை, ஓட்டம் மட்டும்" என்றார். ஓடினோம்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் நான் இரண்டு பிரதி எடுத்திருந்தேன். மற்றதைக் கழக வீட்டின் பியர் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். அதை வாசித்தவர் கழகச் செயலாளர். ஓய்வுபெற்ற தபால்காரர். முகவரி பிழையான கடிதத்தைப் பார்ப்பதுபோல அந்தத் தாளைப் பார்த்தார் என்று பிறகு சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. கழற்றிக்கொண்டு போய்த் தன் கோப்பில் வைத்துவிட்டார்.

"உன்ர கடதாசி கூட்டத்துக்கு வருதாம்" என்றான் நண்பன்.

"பகிடி தெரியாத ஆக்கள்."

"பகிடி உனக்கு. அந்தாளுக்கு வேலை."

கூட்டத்துக்கு நாங்களும் போனோம். கடைசி வரிசையில் இருந்தோம். செயலாளர் கோபமாகப் பேசவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். முதல் பிரிவில் விளையாடியதாக இங்கே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறீர்கள், பட்டியலில் உங்கள் பெயர் இல்லை, ஏதாவது ஒரு சான்று காட்ட முடியுமா?

ட்ரெய்னர் எழும்பினார். சொன்னது ஜெர்மனில்தான். ஆனால் எனக்கு அது எங்கள் வீட்டுத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

"கலியாணம் முடிச்சாப்பிறகு மனுசியின்ர பேரை எடுத்தனான். பழைய பேரைச் சொன்னா ஒருத்தரும் வீடு வாடகைக்குத் தரேல்லை. அதாலதான்."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆம்பிளை ஒருவன் மனுசியின் பெயரை எடுப்பான் என்று எந்தத் தமிழன் நினைப்பான்? எங்களில் பெயர் ஆம்பிளையிலிருந்து பொம்பிளைக்குத்தான் போகும். இரண்டு பின்னேரம் அந்தக் கணினியில் நான் தேடியது அவருடைய மாமனாரை.

"அப்ப பழைய பேரைச் சொல்லுங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்றார் செயலாளர்.

"பாக்கத் தேவையில்லை. நான் இஞ்ச நிண்டாப்பிறகு அங்க என்னை எல்லாத்தில இருந்தும் வெட்டிப்போட்டாங்கள். குழுப்படத்தில கூட என்ர இடத்தில இன்னொருத்தன் நிக்கிறான்."

"ஏதாவது ஒரு கடதாசி?"

"வந்த வருசம் ஒரு அறைக்குள்ள இருத்தி நாலு மணித்தியாலம் எந்தக் கதவால வந்தனி எண்டு கேட்டவங்கள். அண்டைக்குச் சொன்னனான். இனிச் சொல்ல மாட்டன்."

இருந்துவிட்டார். அந்த அறையை எனக்குத் தெரியும். உள்ளே போனதில்லை, ஆனால் அப்பாவின் வாயால் நூறுதரம் கேட்டிருக்கிறேன். நண்பன் என்னைப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கை உயர்த்தி வாக்கெடுத்தார்கள். முதல் அணி ஒரு உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போனது. அதற்கு முதல், எங்களுக்கு வயது காணாதென்று வாக்கில்லையோ என்று கேட்டிருந்தேன். இருக்கிறது என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் ட்ரெய்னருக்குக் கை உயர்த்தினோம். எங்களோடு இன்னும் நாலைந்து கை இருந்திருக்கும்.

வெளியே அவர் காரைத் திறந்துகொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் வாயில் வேறுதான் வந்தது.

"ட்ரெய்னர், குசினியோ தரிப்பிடமோ?"

கார்க் கதவை விட்டுவிட்டுத் திரும்பினார். "குசினிக்குள்ளால போய்த் தரிப்பிடத்துக்குள்ளால வெளிய வந்தனான். குசினிக் கதவு தரிப்பிடத்துக்குள்ளதான் திறக்கும். ஹோட்டல் குசினி ஒண்டையும் நீ காணேல்லையோ?"

ஒரு பிட்சாக் கடைக் குசினியில் வேலை செய்கிறவன் நான். எங்கள் பின்கதவும் அப்படித்தான் திறக்கும். அந்தக் கதவால்தான் ஒவ்வொருநாளும் குப்பை கொண்டுபோவேன்.

"இப்ப நான் கேக்கிறன். உனக்கு எத்தனை வயசு?"

சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தேன்.

"வந்த முதல்நாளே தெரியும். பதினெட்டு வயசுக்காரன் குளிருக்கு முழங்கால் நோகுதெண்டு சொல்லுறேல்லை. எதிர் அணிக்காரர் அட்டையையும் ஆளையும் ஒப்பிட்டுப் பாக்கிற நாள்களில உன்னை எங்கை இருத்தினனான்?"

"பெஞ்சில."

"நான் உன்ர கடதாசியை ஒருக்காலும் கேட்டனானோ?"

தரிப்பிடத்தின் ஓரம் ஆரோ விட்டுப்போன பந்து ஒன்று கிடந்தது. என்ன புத்தியோ தெரியாது, அதைக் காலால் தட்டி அவருடைய இடதுகாலுக்கு நேரே உருட்டிவிட்டேன். மெதுவாகப் போய்ச் சப்பாத்தில் முட்டி நின்றது. அவர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து கையால் எடுத்து, மண்ணைத் தட்டி, என் கையில் தந்துவிட்டு காரில் ஏறினார்.

பருவம் முடியும்வரை எங்களோடு நின்றார். அதன்பிறகு நான் ஒரு ஆட்டத்திலும் பெஞ்சில் இருக்கவில்லை. எதிர் அணி அட்டை பார்த்தாலும் இறக்கினார். அதை என்ன கணக்கில் எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொருமுறையும் அவர்கள் என் அட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது, கோட்டோரத்தில் ட்ரெய்னர் கையைக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பார். கோடையில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே கீழ்ப் பிரிவில் கிடந்த அணியைப் பொறுப்பெடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அதே அணிதான் போன கிழமைப் பேப்பரில்.

பிறகு வீட்டில் இருந்து யோசித்துப் பார்த்தேன். என்னை பெஞ்சில் இருத்திய மூன்று ஆட்டங்களில் இரண்டில் எதிர் அணி அட்டை பார்த்தது உண்மை. மூன்றாவதில் ஒருவரும் பார்க்கவில்லை. அப்போ அது ஏன்? பழைய பெயரையும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. காலையும் காட்டவில்லை. கதை இப்போது முட்டாமல்தான் நிற்கிறது. ஆனால் முட்டாத கதையில்தான் கூடக் கவனம் வேண்டும் என்று அப்பா சொல்லுவார்.

பேப்பர்ப் படத்தை வெட்டி மேசையில் வைத்துவிட்டு நண்பனுக்குக் குறுஞ்செய்தி அடித்தேன். இப்ப அவனுக்கு டுசல்டோர்ஃபில் வேலை, ஆனாலும் பதில் போடுவான். "மச்சான், எனக்கு இப்பவும் ஒரு சந்தேகம். அந்தாள் உண்மையாவே முதல் பிரிவில விளையாடினவரோ?"

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

"முதல்ல நீ உன்ர வயசைச் சொல்லு."