மடிப்பக்கா கட்டி வைத்த மூட்டைகள்

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தவர்கள் ஹோட்டல்காரர்கள். இருபது வருடம் ஒரே ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவள். அவள் விரித்த விரிப்பில் ஒரு சுருக்கத்தைக் கண்டுபிடித்த ஆள் கிடையாது. மூலையை மடித்து மெத்தைக்கு அடியில் செருகினால் கத்தி வைத்து வெட்டின மாதிரி நிற்கும். மடிப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், வயது ஏறியதும் மடிப்பக்கா ஆனாள். பாலத்தடிக்குக் குடிவந்தபோது பெயரும் கூடவே வந்தது. மற்றபடி இரண்டு பாய், ஒரு ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, புருஷன்.

பாலத்தடியில் என்ன குடி என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவள் புருஷன் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். இரண்டு கிட்னியும் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள், விடியற்காலை முறை, டயாலிசிஸ். அவரைக் கூட்டிப்போக லீவு கேட்டுக் கேட்டு, கடைசியில் ஹோட்டல்காரர்களே அவளுக்கு நிரந்தரமாக லீவு கொடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த மாதமே வீட்டு ஓனரின் முகம் மாறியது. மெஷினிலிருந்து எழுந்து வருகிற மனுஷனுக்கு நாலு எட்டு வைத்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டைத் தாண்டினால் பாலம். ஊர் முழுக்கத் தேடினாலும் அவருக்கு இதைவிடத் தோதான விலாசம் கிடைத்திருக்காது.

அங்கே இருபது குடும்பம் போல தார்ப்பாய்க் கூடாரம் போட்டிருந்தார்கள். பக்கத்துக் கூடாரம் சாவிக்காரருடையது. தொலைந்த சாவிக்கு மாற்றுச் சாவி போடுகிறவர். கதவே இல்லாத ஆளுக்குச் சாவி வேலை எதற்கு என்று அவரே கேட்டு அவரே சிரிப்பார். அரமும் இடுக்கியும் சாவித்துண்டுகளும் போட்ட மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார், தூங்கும்போது அதற்குத் தலையணை உத்தியோகம்.

ஒருநாள் மாநகராட்சி சூப்பர்வைசர் வந்தார். எதிர் அடுக்குமாடிக்காரர்களுக்கு பால்கனியில் நின்றால் இவர்கள் கண்ணில் படுகிறார்களாம். தங்கமாகப் பேசினார்.

"குப்பையா இருக்குன்னு புகார் மேல புகார்மா. சுத்தமா, ஒழுங்கா வெச்சுக்கிட்டா எங்களுக்கு என்ன வந்தது? வியாழக்கிழமை வந்து பாக்கறோம்."

சுத்தம் என்ற அந்த ஒரு வார்த்தையை மடிப்பக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஹோட்டலில் மேனேஜர் வருவார், அலமாரி மேலே விரலால் ஒரு கோடு இழுப்பார், விரலில் தூசி இல்லையென்றால் பேசாமல் போய்விடுவார். உலகம் மொத்தமும் அந்த மேனேஜரின் விரல்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் ஒரே வேலையைச் செய்தால் புத்தியும் அப்படித்தான் மடிந்துபோகும்.

அன்று சாயங்காலம் பாலத்துத் தூணடியில் எல்லோரும் கூடினார்கள். சாவிக்காரருக்கு வேறு யோசனை.

"அக்கா, அவன் வர்றப்ப எல்லாரும் கூடாரத்துக்குள்ளயே உக்காந்துக்கலாம். நாமளும் சாமானும் ஒண்ணா இருக்கணும். ஆள் இருக்கற கூடாரத்தப் பிரிக்கணும்னா போலீஸ் வரணும், பொம்பளப் போலீஸ் வரணும். லேசுல நடக்காது."

"சண்டைக்கு நின்னா அதையே சாக்கா வெச்சு அடிச்சுத் துரத்துவாங்கண்ணா. ஒரு குறை சொல்ல எடம் குடுக்காம இருந்துட்டா, எந்த வாயால போகச் சொல்லுவாங்க?"

"அவனுக்கு வாய் எதுக்குக்கா? லாரி வெச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவள் பேச்சைத்தான் கேட்டார்கள். குழாயடியில் முறை வைத்துச் சண்டையை நிறுத்தியவள் அவள், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறவள் அவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாவிக்காரரும் தலையாட்டினார்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன் புருஷனை மெஷினில் விட்டுவிட்டு வந்து அவள் இடுப்பில் சேலையைச் செருகினாள். தரையைக் கழுவ வேண்டும், கூடாரங்களைப் பிரியுங்கள் என்றாள். பிரித்தார்கள். தார்ப்பாயை உதறிச் சுருட்டினார்கள். பாய், பாத்திரம், துணி, மருந்து எல்லாம் மூட்டையானது. அவளே ஒவ்வொரு மூட்டைக்கும் முடிச்சுப் போட்டு, பெரிசு, நடுத்தரம், சின்னது என்று சுவரோரமாக வரிசை வைத்தாள். தரையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து பிளீச்சிங் பவுடர் தூவினாள். சாவிக்காரர் மட்டும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குடுங்கண்ணா, வரிசையில வெச்சுடறேன். பாக்க நல்லாருக்கும்" என்று வாங்கினாள். அவரும் கொடுத்துவிட்டார்.

லாரி வந்தது. பின்னால் இரும்புப் பலகை இறங்கிக் குப்பையை நசுக்கி உள்ளே தள்ளுகிற லாரி. சூப்பர்வைசர் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்தார். மடிப்பக்கா கையைக் கட்டிக்கொண்டு, ஹோட்டல் அறை வாசலில் நிற்பது போலவே நின்றாள்.

"ரொம்ப நன்றிம்மா. இந்த மாதிரி ஒத்துழைப்ப நான் எங்கயும் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் கையசைத்தார்.

ஆட்கள் இறங்கி முதல் மூட்டையைத் தூக்கினார்கள். சுவரோரம் தூசி இருக்கிறதா என்று பார்க்கத்தான் நகர்த்துகிறார்கள் என்று நினைத்தாள், பைத்தியக்காரி. "பின்னாடியும் கூட்டியாச்சு சார்" என்று பெருமையாக வேறு சொன்னாள். மூட்டை லாரிக்குள் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. பலகை இறங்கியபோது உள்ளே பாத்திரங்கள் நெரிந்த சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு விளங்கியது.

"சார், அது குப்பையில்ல சார், எங்க சாமான்!"

"நடைபாதையில கட்டிப் போட்ட மூட்டை எல்லாம் குப்பைக் கணக்குதாம்மா. கூடாரமா நின்னிருந்தா நோட்டீஸ், போலீஸ்னு எங்களுக்கு நாலு நாள் அலைச்சல். நீங்களே மிச்சம் பண்ணிக் குடுத்துட்டீங்க."

"ஹோட்டல்ல ஒத்தச் செருப்ப விட்டுட்டுப் போனாக்கூட மூணு மாசம் எடுத்து வெப்போம் சார்! ஒத்தச் செருப்பு!"

"அது ஹோட்டல்மா" என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார், பாவி.

ஆளாளுக்கு ஓடினார்கள், இழுத்தார்கள். ஆனால் அவ்வளவு கச்சிதமாகக் கட்டி வைத்த சாமானை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? மடிப்பக்கா லாரியின் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கினாள். ஒரு தொழிலாளி வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். மரப்பெட்டி நொறுங்கியபோது சாவிக்காரர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானம் புருஷன் ரோட்டைத் தாண்டி வந்தார். படுக்க இடமில்லை. ஈரம் காயாத தரையில் உட்கார்ந்தார். "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவள் முந்தானையால் அவரைச் சுற்றியிருந்த ஈரத்தைத் துடைத்தாள்.

எல்லோரையும் வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே இருந்த காப்பகத்தில் இறக்கினார்கள். ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம். பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள், அதற்குப் பிறகுதான் பஸ். விடியற்காலை முறைக்கு அவர் எப்படிப் போவார்? வாட்ச்மேன் காலில்கூட விழுந்து பார்த்தாள். சனிக்கிழமை முறை தவறியது. திங்கள் தவறியது. அவர் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்ததும், போதும் உங்கள் காப்பகம் என்று கைத்தாங்கலாக அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

மூச்சு வாங்கியதால் அன்றைக்கு மட்டும் ஒரு முறை டயாலிசிஸ் போட்டுவிட்டார்கள். அப்புறம் நர்ஸ் கையை விரித்தாள். "ரெண்டு தடவை வரலன்னா முறைய அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்கம்மா, என் கையில இல்ல. விடியறதுக்குள்ள வந்து வெளிய உக்காருங்க. யாராவது வரலன்னா போட்டு விடறேன்."

அன்றிலிருந்து மடிப்பக்காவின் வேலை அதுதான். ராத்திரி ஆஸ்பத்திரி வாசலிலேயே அவரோடு படுத்து, இருட்டோடு எழுந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, யாராவது ஒருத்தர் வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது. வராதவர் ஏன் வரவில்லை என்று அவள் விசாரிப்பதில்லை. விசாரித்தால் சோறு இறங்காது. ஒருத்தர் வரவில்லை என்று நர்ஸ் கூப்பிட்டால் மனசு துள்ளுகிறதே, அந்தத் துள்ளலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

டீக்கடையில் கிடந்த பேப்பரில் ஒருநாள் செய்தி பார்த்தாள். பாலத்தடியில் இருந்தவர்கள் தங்கள் பொருட்களைத் தாங்களே மூட்டை கட்டிக் கொடுத்து மாநகராட்சிக்கு முழு ஒத்துழைப்பு அளித்தார்களாம். படமும் போட்டிருந்தார்கள்: காலியான, பளிச்சென்ற தரை. அவள் கழுவிய தரை.

நேராகப் பாலத்தடிக்குப் போனாள். மூட்டை இருந்த இடத்தில் சிமென்ட் தொட்டிகளில் குரோட்டன்ஸ் வைத்திருந்தார்கள். மனுஷன் இருக்கக் கூடாத இடத்தில் செடி மட்டும் இருக்கலாமாம். இரண்டு தொட்டிகளை முட்டித் தள்ளி இடம் பண்ணி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, புருஷனை உட்கார வைத்தாள். இரண்டாம் நாள் சாவிக்காரர் எங்கிருந்தோ வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணா, என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க."

"திட்டி?" என்றார். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் வந்தார். அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"அட, நீங்களாம்மா? நல்லதாப் போச்சு, உங்களுக்குத்தான் விவரம் தெரியுமே. போன தடவ மாதிரியே கட்டி ஓரமா வெச்சுடுங்க. லாரி வந்துட்டிருக்கு."

மடிப்பக்கா புருஷனின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"கட்டறதுக்கு எங்கிட்ட இவரு மட்டும்தான் சார் மிச்சம். வந்து தூக்குங்க. காலைப் பிடிக்காதீங்க, வீங்கியிருக்கு. தோளைப் பிடிச்சுத் தூக்குங்க."

சூப்பர்வைசர் சிரிப்பை நிறுத்தினார். தள்ளிப் போய் போன் பேசினார். பாலத்தடியில் எல்லாம் எதிரொலிக்கும், மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.

"ஆமா சார், அதே லேடிதான். பொம்பளப் போலீஸ் ரெண்டு பேர் வேணும். இல்ல சார், இந்தத் தடவ ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க."

அவளுடைய வேலையைப் பற்றி இதுவரை ஒரு மேலதிகாரியும் புகார் சொன்னதில்லை. மடிப்பக்கா நாற்காலியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.