மெட்டில்டா டீச்சரின் பூந்தி

"தோள விடுங்க சார். யாரும் உங்க பைய புடுங்கிட்டுப் போகல" என்று சொல்லிக்கொண்டே மெட்டில்டா மணலில் பின்னோக்கி நடக்கிறார். முகம் என் பக்கம் இருக்கிறது. கண் என்னைச் சுமக்கும் குதிரையின் காதுகளில் இருக்கிறது. பின்னால் என்ன வருகிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. குழி வந்தால் தாண்டுகிறார், வேலி வந்தால் நிற்கிறார். "நல்லாருக்கு... அப்படித்தான்... அழகு" என்கிறார். நான் நிமிர்கிறேன். "அழகும்மா" என்று முடிக்கிறார். ஆக, அது குதிரைக்கு. வகுப்பில் சேர்ந்த நாள் முதல் எனக்கு வந்ததாக நான் நினைத்த பாராட்டெல்லாம் இப்படி விலாசம் மாறி வந்தவைதான்.

மெட்டில்டா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு அஸ்தினாபுரத்தில். மாடம்பாக்கம் தாண்டி அகரம்தென் போகிற வழியில் ஒரு வாடகை மைதானத்தில், பள்ளிக்குக் கிளம்பும் முன் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கிறார். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் தொற்றிக்கொண்ட வியாதி. கொண்டையில் வைக்கோல் துணுக்கு இல்லாமல் அவர் வகுப்புக்குள் நுழைந்ததில்லையாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் எடுத்துவிடுவார்களாம். "பாதி டீச்சர், பாதி லாயம் சார் நான். ரெண்டுலயும் பாஸ் மார்க்குக்கு மேல வரல" என்பார். சொல்லும்போது வருத்தம் தெரியாது. கேரட்டைக் கடித்துப் பாதியைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டு மீதியை அவரே தின்பார்.

குதிரையின் பெயர் பூந்தி. உடம்பு முழுக்கச் சுருட்டை முடி; பிடரியோ சிக்கெடுக்காத நூல்கண்டு. பிரஷ் போட்டால் சுருள் கலைந்துவிடும் என்று மெட்டில்டா ஈரத் துண்டாலும் விரலாலும் மட்டுமே கோதுவார். சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "எந்த பார்லர்ங்க?" என்று கேட்பார்கள். "பிறவி" என்பார் மெட்டில்டா. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் ரத்தினபாய்க்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. "ஃபாரின் ஐட்டம்பா, தொடாத" என்று சேர்த்துக்கொள்வார்.

நான் ஸ்ரீரங்கன். சிட்லபாக்கத்துக்காரன், இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவன், தலையில் ஒரு முடியும் இல்லாதவன். பூந்தியின் பக்கத்தில் நான் நிற்கும்போது, படைத்தவன் பங்கு பிரித்ததில் நடந்த குளறுபடி யாருக்கும் புரியும். நாய், பூனை, கம்பளி எது அருகில் வந்தாலும் தும்முகிற உடம்பு எனக்கு. சுருட்டைக் குதிரை பலருக்குத் தும்மல் வரவழைப்பதில்லை என்று எங்கோ படித்துவிட்டு வந்து சேர்ந்தேன். லாயத்தில் இருந்த மற்ற இரண்டு குதிரைகளையும் பார்த்து அடுக்கடுக்காகத் தும்மினேன். பூந்தியிடம் தும்மவில்லை. அன்றோடு நான் பூந்தியின் தலையெழுத்தானேன்.

மெட்டில்டா பூந்தியைப் பழக்குவது டிரெஸாஜ் என்கிற போட்டிக்கு. சுந்தரவல்லி, அதாவது என் மனைவி, அதை இன்றுவரை தையல் சம்பந்தப்பட்டதாகவே நினைக்கிறாள். மணல் களத்தில் குதிரை நடக்க வேண்டும், சீராக ஓட வேண்டும், வட்டம் போட வேண்டும், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். மேலே இருப்பவர் எதுவுமே செய்யாததுபோல் தெரிய வேண்டும். வாயைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும். இதற்கு முன் மெட்டில்டா பழக்கிய குதிரைகளெல்லாம் அடுத்தவருடையவை. நன்றாக வந்ததும் உரிமையாளர் வந்து ஓட்டிப்போய்விடுவார். பூந்தி மட்டும்தான் சொந்தம். "நானே பழக்கின குதிரையில ஒரு தடவ, ஒரே தடவ, தப்பில்லாம முடிச்சுட்டு வெளிய வரணும் சார். கப்பெல்லாம் வேணாம். வீட்ல வெக்க எடமும் இல்ல" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அதற்குத் தடை நான்தான். கெண்டைக்காலால் லேசாக ஒற்றினால் கிளம்ப வேண்டும் என்று அவர் ஞாயிற்றுக்கிழமை பூந்திக்குச் சொல்லிக்கொடுப்பார். திங்கட்கிழமை நான் ஏறி, பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிறவன் மாதிரி காலை உதறுவேன். கரும்பலகையில் அவர் எழுதியதையெல்லாம் அழிக்கிற டஸ்டர் நான். மாணவர்களை நிறுத்திவிட்டால் லாயம் நடக்காது. மாணவர்கள் ஏறினால் பூந்தி மரத்துப்போகும். "இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வர மாட்டேங்குது சார்" என்பார் கணக்கு டீச்சர்.

இதற்கு நடுவில் பூந்திக்கு ஒரு புது நோய் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நின்றுவிடும். நான் ஒவ்வொரு முறையும் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வேன். மாட்டு டாக்டர் வந்து குளம்பைத் தட்டிப் பார்த்தார். ரத்தினபாய் திருஷ்டி சுற்றினார். ஒரு காலையில் மெட்டில்டா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு டாஃபியை எடுத்து நீட்டினார். "இத வாயில போட்டுக்கோங்க. கரையிற வரைக்கும் பேசாதீங்க." அன்று பூந்தி ஒருமுறைகூட நிற்கவில்லை.

விஷயம் இதுதான். வகுப்பு முடிந்ததும் மெட்டில்டா "சரி" என்பார். அத்துடன் வேலை முடிந்தது, தண்ணீர், புல் என்று பூந்தி கற்றுக்கொண்டிருந்தது. நானோ அவர் எதைச் சொன்னாலும் "சரி, சரி" என்கிற ஆள். குதிகாலை இறக்குங்கள் என்றால் சரி. முன்னால் பாருங்கள் என்றால் சரி. மேலதிகாரிகளுக்கும் வீட்டுக்கும் ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிய சொல். மனிதர்கள் யாரும் அதை இவ்வளவு மதித்துக் கேட்டதில்லை. அதன்பின் நான் டாஃபியோடுதான் குதிரை ஏறினேன்.

டிசம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு கிளப்பில் போட்டி நடந்தது. "வாங்க சார். வாய மட்டும் வீட்ல வெச்சுட்டு வாங்க" என்று மெட்டில்டா அழைத்தார். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக அவர் பூந்தியின் மேல் வந்தபோது, "இது குதிரையா, ஆடா?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. வாயில் டாஃபி இருந்ததால் பிழைத்தார்.

பூந்தி நடந்தது, ஓடியது, வட்டம் போட்டது. குதிரை தெரியாத எனக்கே அன்று என்னவோ நடக்கிறது என்று தெரிந்தது. மெட்டில்டாவின் தோள் அசையவில்லை. உதட்டில் மட்டும் சிறுபிள்ளைச் சிரிப்பு. ஆடா என்று கேட்டவர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாஃபி கரைந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் செல்போன் அதிர்ந்தது. எடுக்காவிட்டால் சுந்தரவல்லி விடாமல் அடிப்பாள் என்று எடுத்தேன்.

"வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க."

"சரி" என்றேன்.

மெல்லத்தான் சொன்னேன். பூந்தி அப்போது என் பக்கத்து வேலியோரமாக ஓடி வந்துகொண்டிருந்தது. நின்றது. நான்கு காலும் கட்டம் போட்டு வைத்ததுபோல் நின்றது. மைதானமே அமைதியானது. "பாக்கெட் தயிர் வேண்டாம்" என்று காதில் சுந்தரவல்லி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள். மெட்டில்டா என் பக்கம் திரும்பவில்லை. உதைக்கவில்லை, கடிவாளத்தை இழுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, காலால் லேசாக ஒற்றினார். பூந்தி கிளம்பியது. மீதியைப் பிசகில்லாமல் முடித்து, நடுவரை வணங்கிவிட்டு வெளியே வந்தார். ஆனால் அவர் கேட்டது தப்பில்லாத ஒரு தடவையை. அதை நான் தயிருக்கு விற்றுவிட்டேன்.

"இன்னா சார் நீ, இம்மாந்தூரம் வந்துகினு, கடைசில பேஜார் பண்ணிட்டியே" என்றார் ரத்தினபாய், பூந்தியின் கயிற்றைப் பிடித்தபடி. நடுவர் ஒரு முன்னாள் ராணுவக்காரர். மெட்டில்டாவிடம் அவரே வந்தார். "இன்னிக்குப் பார்த்ததுலயே நல்ல ஹால்ட் அதுதான் மேடம். யாரும் கேக்காம நின்னதுதான் பிரச்சனை" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "க்ளாஸ்லேருந்து இத எடுத்துடுங்க. கத்துக்குட்டிங்க யாரும் ஏறக் கூடாது. அடுத்த வருஷம் பாருங்க, எங்கயோ போயிடும்."

"சரி சார்" என்றார் மெட்டில்டா.

லாரிக்குப் போய்க்கொண்டிருந்த பூந்தி வழியிலேயே நின்றது. "அட, நட சனியனே" என்று ரத்தினபாய் இழுத்தார். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. நடுவர் சொன்னது நியாயம் என்பதுதான் அதிகம் வலித்தது. தும்மாமல் நான் உட்கார்ந்த ஒரே முதுகு அது.

திங்கட்கிழமை நான் போகவில்லை. புதன்கிழமை, லாயத்துக்குச் சொந்தமான ஹெல்மெட்டைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பழக்கதோஷத்தில் பூட்ஸையும் மாட்டியிருந்தேன். முந்தின நாள் மழையில் மைதானம் குழைந்து கிடந்தது. அன்று பள்ளியில் ஏதோ விழா போலிருக்கிறது. மெட்டில்டா கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில் இருந்தார். பூந்தியின் முதுகில் சேணம் ஏறியிருந்தது.

"டீச்சர், நான் இனிமே..." என்று ஆரம்பித்தேன்.

"ஹெல்மெட்ட மாட்டுங்க சார், லேட்டாச்சு."

"ஜட்ஜ் சொன்னாரே."

"சொன்னார்" என்றார்.

நான் எப்போதும் ஏறுகிற சிமெண்டுப் படி மழைத் தண்ணீரில் மூழ்கியிருந்தது. மெட்டில்டா அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பூந்தியின் தோளுக்கருகில் போய், சேலை சேற்றில் படக் குனிந்து, விரல்களைக் கோத்து, என் பூட்ஸுக்கு இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தினார்.