முன்சக்கரத்து உறுமல்

மன்னவனூரில் பூண்டு விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் சுகன்யா. அப்பாவின் ஜீப்பில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு அவள்தான் போய் வருவாள். அந்த ஜீப் நினைத்த இடத்தில் படுத்துக்கொள்ளும். யாராவது வருவார்களா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குப் பொறுமை கிடையாது, பானெட்டைத் திறந்துவிடுவாள். அப்புறம் திண்டுக்கல்லில் முறையாக மெக்கானிக் தொழில் படித்தாள். டாக்ஸி ஓட்டும் முருகானந்தத்தைக் கட்டிக்கொண்டு, கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டாள். "இந்தப் பிள்ளைகிட்டயா வண்டிய விடுறது?" என்று முதலில் தயங்கிய டிரைவர்கள் இப்போது வெள்ளனே வந்து காத்துக் கிடக்கிறார்கள்.

ஒருநாள் காலை, தரையோடு தரையாகப் பதுங்கிய ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மதுரைக்காரி ஸ்வேதா. ஆசைப்பட்டுத் தேடி வாங்கிய பழைய வண்டி.

"ஒரு மாசமா உறுமுதுங்க. டயர்னு சொன்னாங்க, மாத்திட்டேன். இப்ப மலை ஏறுறப்ப இன்னும் அதிகமாயிருச்சு. எடது பக்கந்தான் கேக்குது."

"நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து கேக்குறேன்."

பெருமாள்மலை ரோட்டில் போனார்கள். கியரை நியூட்ரலில் போடச் சொன்னாள் சுகன்யா. இன்ஜின் அடங்கியும் உறுமல் அடங்கவில்லை. இடப்பக்க வளைவில் அது ஏறியது.

"எடது பக்கம் ஒடிக்கையில பாரம் பூரா வலது சக்கரத்துல சாயும். அப்பத்தான் கத்துது. முன்னாடி வலது சக்கரத்து பேரிங்கு போச்சுங்க."

திரும்பி வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கினாள். வலது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினாள். டக் டக்கென்று ஆடியது. ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுற்றினாள். மணலை அரைப்பதுபோல் அதிர்ந்தது.

"இதோட மலை எறங்க விடமாட்டேங்க."

"நாளைக்குப் பழனியில பிரெண்டு கல்யாணம்!"

"கல்யாணத்துக்கு நீங்கதான போகணும். வண்டி எதுக்கு?"

கோபப்பட வாயெடுத்த ஸ்வேதா சிரித்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் மதுரையிலிருந்து பேரிங் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பிரேக் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் டியூபில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டாள். பழைய பேரிங்கின் உள்வளையம், சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. கிரைண்டரால் பக்குவமாக ஒரு கோடு கீறி, உளியை வைத்து ஒரே போடு போட்டாள், பிளந்துகொண்டு விழுந்தது. புதியதைப் பிரஸ்ஸில் வைத்து வெளிவளையத்தில் மட்டும் அழுத்தி இறக்கினாள்.

மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பெரிய உறுமல் போயே போய்விட்டது. ஆனால் வலப்பக்க வளைவில் மெல்லிசாக ஒரு முனகல் கேட்டது. சுகன்யாவுக்கு முகம் சூடேறியது.

"நான் சொன்னது பாதிதாங்க சரி. வலது போட்ட கூச்சல்ல எடது முனகுனது எனக்குக் கேக்கல. அதுவும் தேஞ்சு கெடக்கு."

"நான்தான் எடதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான்தான் காதுல வாங்கல. ரெண்டையும் முதல்லயே தூக்கிப் பாத்திருக்கணும்."

அவள் சமாளிக்காமல் ஒத்துக்கொண்டதாலேயே ஸ்வேதா சாவியைத் தயங்காமல் கொடுத்தாள். மறுநாள் விடியற்காலையில் முருகானந்தம் தன் டாக்ஸியில் ஸ்வேதாவைப் பழனிக்குக் கூட்டிப் போனான்.

தாலி கட்டுவதைப் பார்த்து, சாப்பாடும் முடித்து, தலையில் கல்யாணப் பூவோடு ஸ்வேதா திரும்பியபோது இடது பேரிங்கும் மாறியிருந்தது. இந்தத் தடவை சுகன்யா நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டிருந்தாள்.

ஸ்வேதா இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். "நீங்க ஓட்டுங்கக்கா."

சுகன்யா கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். பெருமாள்மலை வளைவுகளில் வண்டியை இடமும் வலமுமாக ஒடித்து இறக்கினாள். டயர் ரோட்டைத் தேய்க்கும் சத்தமும், கண்ணாடியில் காற்று உரசும் சத்தமும்தான் கேட்டன.

"வெரசாப் போலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கியரை மாற்றினாள்.