பித்தப்பைக் கல் என்று சொன்னோம்

அக்காவுக்குப் பித்தப்பையில் கல் இருந்ததே கிடையாது. அந்தக் கல்லை வைத்தவள் நான். பதுளையில் ரயில் ஏறி, பண்டாரவளையைத் தாண்டுவதற்குள் வைத்து முடித்துவிட்டேன். யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்று அவளை நாலைந்து தடவை சொல்லவைத்தேன். நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஒப்பிக்கவைப்பது எனக்குக் கைவந்த கலை.

உண்மையில் கொழும்பில் அவளுக்குச் செய்யப் போனது, உடம்பு குறைவதற்காக இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன். அக்கா நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து அங்கே போக அறுபது படி ஏற வேண்டும். சீனி வியாதி வந்து, முழங்கால் தேய்ந்து, பாதிப் படியில் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒருநாள் குழந்தையோடு தரையிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகுதான் டாக்டர் சொன்னதற்குச் சம்மதித்தாள். “இடுப்புல ஒண்ணு, தோள்ல ஒண்ணுன்னு தூக்கிக்கிட்டு நடக்கணும் பாப்பா. அது போதும் எனக்கு” என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பொய் சொல்ல அவளுக்கு விருப்பமே இல்லை. இருக்கிறதைச் சொல்லிவிட்டுப் போவோமே என்றுதான் சொன்னாள். வெட்கம் எனக்குத்தான். சின்ன வயதிலிருந்து லயத்தில் அவளைக் குண்டக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்; எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். தின்று தின்று பெருத்து, கடைசியில் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்று ஊர் சிரிக்கும் என நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் படித்தவள் என்பதால் அவள் எதிர்த்துப் பேசவில்லை. படித்த தங்கை இருப்பது அவளுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டை கொடுத்தார்கள். என்ன ஆபரேஷன், எப்போது, என்னென்ன மாத்திரை, எந்தெந்த மாதம் வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. அங்கிருந்த தாதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் பாதி, பின்னால் பார்த்துக்கொள்வது பாதி என்றார். விட்டமின் மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. இரண்டு நாளைக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் காத்திருக்கக் கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இந்த அட்டையைக் காட்ட வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அட்டையை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன், லயத்தில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் திரும்பினால் அந்த வீட்டில் கொஞ்ச நாளைக்கு அடுப்பு மூட்டவிட மாட்டார்கள். ஆளுக்கொரு வேளையாக மற்ற வீடுகளிலிருந்து சாப்பாடு வரும். கொண்டுவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் கிண்ணத்தோடு எழுந்து போவார். மிச்சம் வைத்தால் மனம் சங்கடப்பட்டுவிடும். கல் எடுத்தவளுக்கு எண்ணெய் ஆகாது என்று பார்த்துப் பார்த்து, கஞ்சியும் குழைந்த சோறும் பருப்பும் கொண்டுவந்தார்கள். எல்லாம் பழைய அக்காவின் அளவுக்கு. அவளுடைய புது வயிறோ நாலு கரண்டிக்கு மேல் தாங்காது. அவள் முகம் கோணாமல் சாப்பிட்டுவிட்டு, ஆள் போனதும் வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாளாம். மாத்திரைப் போத்தலையும் நான் சாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொல்லியிருந்தேன். நான் பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்குத் திரும்பிவிட்டேன்; வீட்டில் பொழுதெல்லாம் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். அவள் போட்டதைவிடப் போடாமல் விட்ட நாட்களே அதிகம்.

முதல் மாதம் கொழும்புக்குப் போனோம். அப்போது பரவாயில்லாமல் இருந்தாள். அதற்கடுத்த தடவை பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை, விடைத்தாள் குவிந்து கிடந்தது. அடுத்த மாதம் போகலாம் என்றேன். “சரி பாப்பா, ஒனக்கு எப்ப தோதோ அப்ப போவோம்” என்றாள். வாந்தியைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உடம்பு மளமளவென்று இறங்கியதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். அவளுடைய சட்டையை இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

பிறகு ஒருநாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்று ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அது நாலாம் நாள். முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வார்டில் டாக்டர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் செய்திருக்கிறதா என்பது. கேட்க வேண்டியதைச் சரியாகத்தான் கேட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் படுக்கை விரித்துக்கொண்டு நின்ற பெண் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் வாழ்க்கைப்பட்டவள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அவள் காதில் விழுந்தால் அன்று மாலை பஸ்ஸிலேயே செய்தி தோட்டத்துக்குப் போய்விடும்.

நான் பித்தப்பைக் கல் என்று சொன்னேன். அட்டை என் தோளில் தொங்கிய பையில் இருந்தது.

டாக்டர் என் வார்த்தையை நம்பி வயிற்றுக் கோளாறுக்கு மருந்து கொடுத்தார். சேலைன் ஏற்றினார்கள். வாந்தி கொஞ்சம் அடங்கியது. பார்த்தாயா, சொல்லாமலே சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் பார்க்கப் போனபோது அக்காவின் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. நான் இரண்டாகத் தெரிகிறேன் என்றாள். எழுந்து நடக்கச் சொன்னார்கள். காலை அகட்டிவைத்து ஒரு எட்டு எடுத்தவள் என்மேல் சாய்ந்துவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா கொழுந்து மலையிலருந்து வந்துருச்சா பாப்பா?” என்று கேட்டாள். அம்மா செத்துப் பதினோரு வருடம்.

வார்டு என்று பார்க்காமல் ஓடினேன். டாக்டரிடம் அட்டையை நீட்டினேன். அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். யார் நின்றால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. டாக்டர் அட்டையைப் படித்தார், என்னைப் பார்த்தார், தாதியைக் கூப்பிட்டு உடனே விட்டமின் ஊசி போடச் சொன்னார். பிறகு உட்காரவைத்து விளங்கப்படுத்தினார். இப்படி ஆபரேஷன் செய்தவர்கள் தொடர்ந்து வாந்தி எடுத்தால் ஒரு விட்டமின் உடம்பில் இல்லாமலே போய்விடும். அது இல்லாவிட்டால் மூளையும் நரம்பும் கெடும். தெரிந்திருந்தால் சேலைனுக்கு முன்பே அந்த ஊசியைத்தான் போட்டிருப்போம் என்றார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் கொஞ்சமாவது எனக்கு ஆறியிருக்கும்.

கண்கள் ஒரு வாரத்தில் சரியாகின. கால் பாதிதான் தேறியது. கம்பு ஊன்றி நடக்கிறாள். ஞாபகம் தேறவில்லை. காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு நினைவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நடந்தது முழுக்க அவளிடமிருந்து விழுந்துவிட்டது. பழையதெல்லாம் மட்டும் அப்படியே இருக்கிறது.

செய்தி தோட்டத்துக்குப் போகத்தான் செய்தது. யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா, அதிகமாகக் கஞ்சி கொண்டுவந்தவர் அவர்தான், என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு, “ஒரு வார்த்த சொல்லியிருந்தா சின்னக் கிண்ணத்துல கொண்டாந்திருப்பேனே டீச்சர். நானே ஊட்டிக் கொன்னுருப்பேன் போலருக்கே” என்று அழுதார். அந்தப் பாவத்தையும் அவர் தலையில் வைத்தவள் நான்தான். காலில் விழலாம் போலிருந்தது. விழவில்லை. அதற்கும் வெட்கம்.

பிள்ளைக் காம்பராவில் இப்போது வேறு ஆயம்மா. அக்காவின் உடம்பு மெலிந்துதான் இருக்கிறது, மூச்சும் வாங்குவதில்லை. ஆனால் படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சில தாய்மார் போகிற வழியில் பிள்ளையை அவள் மடியில் கொஞ்ச நேரம் வைப்பார்கள், கையை எடுக்காமல். “யாரு வீட்டுப் புள்ள இது?” என்று கேட்பாள். சொல்வார்கள். மறுபடியும் கேட்பாள்.

இப்போது ஒரு கிளினிக்கையும் நான் விடுவதில்லை. பரீட்சை இருந்தாலும் லீவு போட்டுவிடுகிறேன். மாத்திரைப் போத்தல் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது. லயத்தில் யாராவது ஒருவர் தினமும் நினைவுபடுத்திப் போடவைக்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் முதலிலேயே இப்படி நடந்திருக்கும்.

போன மாதம் கிளினிக்கில் புது டாக்டர். தமிழ் தெரிந்தவர். என்ன ஆபரேஷன் செய்தது என்று கேட்டார். நான் பையைத் திறப்பதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, “பித்தப்பையில கல்லு இருந்துச்சுங்க டாக்டர். எடுத்துட்டாங்க” என்றாள். தடங்கல் இல்லாமல், நான் ரயிலில் சொல்லிக் கொடுத்த அதே வார்த்தைகள். பிறகு என் பக்கம் திரும்பி, “சரியா சொன்னேனா பாப்பா?” என்று கேட்டாள்.

நான் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, “இல்லக்கா, அது நான் சொன்ன பொய்” என்றேன். அவள் முகம் சுருங்கிப் போனது. ஒவ்வொரு கிளினிக்கிலும் இதையே சொல்கிறேன். அடுத்த தடவைக்குள் அதை மறந்துவிடுகிறாள்.