கழற்றி வைத்த கீபோர்ட்

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கிளிநொச்சியில் பதினொரு வருடமாகக் கடிதம் தட்டச்சு செய்து கொடுக்கிறேன், போட்டோக்கொப்பி எடுக்கிறேன், கொம்பியூட்டரும் திருத்துகிறேன். என்னிடம் வருகிற பேய்களுக்கெல்லாம் ஒன்றில் தூசி காரணம், இல்லாவிட்டால் ஊற்றுப்பட்ட தேத்தண்ணீர் காரணம். ஒரு ஆசிரியர், கொம்பியூட்டர் தானாக எழுதுகிறது, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று முகம் வெளிறிப் போய்க் கொண்டுவந்தார். கீபோர்டைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினேன், பிஸ்கட் தூள் கொட்டியது, செய்வினை போய்விட்டது. அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பரிமளம் அக்கா உருத்திரபுரத்தில் இருந்து வருகிறவர். யுத்தத்தின் கடைசி நாள்களில் அவருடைய கணவர் சிவராசா அண்ணையை விசாரணைக்கென்று இராணுவத்தினர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா பார்த்துக்கொண்டு நிற்கத்தான் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஒவ்வொரு தை மாதமும் என் கடைக்கு வந்து, கணவரைத் தேடித் தருமாறு கேட்டு ஒரு கடிதம் அடித்துக்கொண்டு போவார். பொட்டும் தாலியும் இருக்கும். திவசம் கொடுப்பதில்லை. இன்னும் எதற்குப் பொட்டு என்று யாராவது வாய் திறந்தால் அந்த ஆள் தொலைந்தான்.

எங்களைப் போன்ற கடைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடா வருடம் அதே கடிதம் என்பதால் பழையதைத் திறந்து, திகதியை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொடுத்துவிடுவோம். அக்காவின் கடிதத்தை நான் முதல் தடவைக்குப் பிறகு வாசித்ததே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன வருடம் ஆவணியில், நல்ல வெயில் எறிக்கிற ஒரு காலை, பத்தரை மணியிருக்கும், அக்கா வந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தம்பி, இந்த முறை வேற மாதிரி அடிக்க வேணும். அவர் செத்துப்போனாரெண்டு அடியுங்கோ."

காணிப் பத்திரம் அண்ணையின் பெயரில் இருந்தது. அதை மகளின் பெயருக்கு மாற்ற மரணச் சான்றிதழ் தேவை, மாற்றினால்தான் அவளுக்கு அரசாங்க வீட்டுத் திட்டம் கிடைக்கும். அவள் இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலில் இருக்கிறாள், முந்தின மாரியில் கூரை பறந்து, கைக்குழந்தைக்குச் சளி கட்டி, பிள்ளை மயிரிழையில் தப்பியது. அன்று உருத்திரபுரத்தில் நடமாடும் சேவை, அலுவலர்கள் ஊருக்கே வந்து கடிதம் வாங்குகிற நாள். பன்னிரண்டு மணிக்குள் கடிதத்தைக் கொடுத்தால்தான் அந்த வருடத்துப் பட்டியலில் பெயர் வரும். இதெல்லாம் அக்கா ஒரே மூச்சில் சொன்னார்.

"வடிவா யோசிச்சனீங்களோ அக்கா?"

"யோசிச்சு யோசிச்சு பிள்ளையைச் சாகக் குடுக்கப் பாத்தன். அடியுங்கோ."

புதுத் தாளில் தொடங்கியிருக்கலாம். சோம்பேறித்தனம், பழக்கதோஷம், அந்தத் தேடச் சொல்லும் கடிதத்தையே திறந்தேன். பெயரும் முகவரியும் இருக்கிறதுதானே, இரண்டு வரியை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். 'தேடித் தருமாறு' என்ற வரியை அழித்துவிட்டு, அக்காவிடம் இறந்த திகதி என்ன போட என்று கேட்டேன். "ஏத்தின நாளையே போடுங்கோ" என்றார். நான் விரலை வைக்க முன்னமே திரையில் ஒரு க விழுந்தது. பிறகு இன்னொன்று. ககககக என்று வரி நிறைந்துகொண்டே போனது.

இதிலே அர்த்தம் தேடாதீர்கள், நானும் தேடிப் பார்த்தேன், அண்ணையின் பெயரிலும் க இல்லை, அக்காவின் பெயரிலும் இல்லை. பட்டன் இறுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கவிழ்த்துத் தட்டினேன், பட்டனைக் கழற்றித் தூரிகையால் துடைத்தேன், வயரை வேறு துளையில் செருகினேன். நின்றபாடில்லை. பெட்டி உடைக்காத புதுக் கீபோர்ட் ஒன்றை எடுத்து மாட்டினேன், அதிலும் க. கொம்பியூட்டரை நிறுத்தித் திரும்பவும் போட்டேன். யாரோ ஒருவரின் கலியாண அழைப்பிதழைத் திறந்தேன், சாதுவாக இருந்தது. அக்காவின் கடிதத்தைத் திறந்ததுதான் தாமதம், அந்தத் திகதி இடத்திலேயே மறுபடியும்.

"தூசியோ தம்பி?" என்று கேட்டார் அக்கா.

"ஓம் அக்கா, தூசிதான்" என்றேன். பொய்.

கடைசியில் வயரையே பிடுங்கினேன். இதைத்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள். கீபோர்ட் வயர் தொங்க என் மடியில் கிடக்கிறது, கொம்பியூட்டரோடு ஒரு தொடுப்பும் இல்லை, திரையில் எழுத்து வருகிறது. மடியில் அந்த ஒரு பட்டன் மட்டும் கீழே போய்ப் போய் மேலே வருகிறது. தட்டச்சுத் தெரியாத ஆள் ஒற்றை விரலால் குத்துவது போல, மெதுவாக, விடாமல். தொடையில் அந்த அழுத்தம் தெரிந்தது. தூக்கி மேசையில் வைத்தேன்.

அக்காவும் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நேரத்தைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டில் பதினொன்று இருபது.

"விடுங்கோ. கையால எழுதித் தாங்கோ. பிள்ளையள் நனையுதுகள்."

எழுதினேன். 'எனது கணவர் இறந்துவிட்டார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதி நீட்டினேன். அக்கா குனிந்து கையெழுத்து வைத்து, பேனையைத் தாளில் இருந்து எடுத்தார். பட்டன் நின்றது.

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நிண்டிட்டுது என்ன?"

"ஓம்."

"அப்ப இவ்வளவு நேரமும் இருந்தவர்."

அவர் அழுததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, முகத்தைத் துடைத்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். வீடு கிடைத்தது, இந்த மாரிக்குப் பிள்ளைகள் நனையவில்லை.

இந்தத் தையில் அக்கா மறுபடியும் வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. பழைய கடிதத்தை அடிக்கச் சொன்னார், தேடித் தரச் சொல்கிற கடிதத்தை. அலுவலகத்தில் இனி அதை வாங்கமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் எழுத்தில் இருந்து புதிதாக அடித்தேன். அக்கா கடைசி வரைக்கும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துக்கூடக் கூடுதலாக விழவில்லை.

"ஒண்டும் வரேல்லை என்ன தம்பி" என்றார்.

இன்னொன்று இருக்கிறது, அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் பேனையைக் கையில் எடுத்தபோது அந்தப் பட்டன் வேகம் பிடித்தது. அவ்வளவு நேரமும் ஒவ்வொன்றாய்க் குத்தியது, அப்போது மூச்சுவிடாமல் அடித்தது, திரையில் வரிக்கு மேல் வரியாக ஓடியது. அக்கா தாளில் குனிந்திருந்தார், அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பொறுங்கோ அக்கா என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. எனக்கு அது எப்படியாவது நின்றால் போதும் என்றிருந்தது.