சங்கம் இல்லாத ஆடி மாதம்

தேனியில் போடி சாலையை ஒட்டியிருந்த ஒரு நூல் மில்லில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது அவசரநிலை வந்தது. முதல் சில மாதங்கள் எங்கள் பக்கம் அதன் சூடு தெரியவில்லை. சென்னையில் ஆட்சியைக் கலைத்த பிறகுதான் தெரிந்தது. வேலைநிறுத்தம் கூடாது, வாசலில் கூட்டம் கூடாது, நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று போலீஸ்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மில் வாசலுக்கு எதிரே தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. சங்கச் செயலாளர் அன்றே அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் எங்கள் மில்லில் பிட்டர். மெஷினைக் கழற்றி மாட்டுவதிலும் வாய்ப்பேச்சிலும் கெட்டிக்காரர்.

எங்கள் மேனேஜர் மதுரைக்காரர். செவ்வாய்க்கிழமை தோறும் பிட்டர் கோரிக்கைத் தாளோடு வந்து அவர் எதிரே உட்காருவார். ஒரு மணி நேரம் இருவர் குரலும் வராந்தா வரை கேட்கும். பிறகு காப்பி வரும். கொட்டகை பூட்டிய அன்று மேனேஜர் முகத்தில் தனி நிம்மதி.

"இனிமே செவ்வாய்க்கிழமையாவது அமைதியா லெட்டர் பார்க்கலாம்மா" என்றார்.

அந்த அமைதி பத்து நாள்கூட நிலைக்கவில்லை. ரீலிங் பகுதியில் நூலைச் சிட்டம் போடும் அக்கா ஒருவர் வந்து, தன் பக்கம் காற்றே வருவதில்லை, மின்விசிறியைத் தள்ளி மாட்ட வேண்டும் என்றார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து மெஷின்காரி வந்தார். "அந்த பேன அங்கனயே விட்ருங்க சார். தள்ளி மாட்டுனா என் நூலெல்லாம் பறந்துரும்." மறுநாள் கேன்டீன் சாம்பாரில் உப்புக் கூடுதல் என்று ஒருவர், உப்பே இல்லை என்று இன்னொருவர். கூட்டமாக வரத்தானே தடை, ஒவ்வொருவராக வர எந்தத் தடையும் இல்லை. என் மேஜைக்கு முன்னால் தினமும் வரிசை நின்றது. இப்படிப்பட்ட வழக்குகளெல்லாம் முன்பு கொட்டகைக்குள்ளேயே தீர்ந்துவிடும், அங்கே தீராதவை மட்டும்தான் தாளில் ஏறி எங்களிடம் வரும் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

மேனேஜர் பிட்டரைக் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் அவங்ககிட்டப் பேசக் கூடாதாப்பா?" என்று கேட்டார்.

"நான் பேசுனா சங்கம் நடத்துறேன்னு எழுதிப்புடுவாக சார். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு" என்றார் பிட்டர். பொய்யில்லை. கம்பம் ஊரில் அவருக்குத் தெரிந்த சங்கக்காரர் ஒருவரை அப்போதுதான் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆடி வந்தது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போகாதவர்கள் எங்கள் மில்லில் குறைவு. எந்தச் சனிக்கிழமை எந்தப் பகுதிக்கு லீவு என்று வருடா வருடம் சங்கம்தான் பிரித்துக் கொடுக்கும். அந்த வருடம் பிரிக்க ஆளில்லை. மூன்றாம் சனிக்கிழமைக்கே எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். மேனேஜர் அத்தனை மனுவிலும் 'இல்லை' என்று எழுதினார். அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மேனேஜரோடு நானும் மில்லுக்குள் நடந்தேன். என்றைக்கும் காது அடைக்கும் இடத்தில் எங்கள் செருப்புச் சத்தம் கேட்டது. கோயில் பழக்கமில்லாத நாலைந்து பேரை வைத்து நூற்பு வரிசையில் மூன்று மெஷின்தான் ஓடியது. வாசலுக்கு நேரே பிட்டர் கையில் ஸ்பேனரோடு, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றிருந்தார்.

விஷயம் மதுரையிலிருந்த முதலாளிக்குப் போனது. போனில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "ஸ்ட்ரைக்குன்னு எழுதிக் குடுங்க. செக்ரட்டரி பேரையும் சேத்து எழுதுங்க. மத்தத போலீஸ் பாத்துக்கும்."

மேனேஜர் கடிதத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். பிட்டர் பெயர் வரும் இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. மேனேஜரும் நிறுத்தினார்.

"அவன் சனிக்கிழமை வந்தான்ல?"

"வந்தாக சார். மொத ஆளா வந்து கையெழுத்துப் போட்டிருக்காக."

 மேனேஜர் டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவி மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போன் போட்டார். "ஸ்ட்ரைக் இல்லை சார். கோயிலுக்குப் போயிருக்காங்க. லீவைப் பிரிச்சுக் குடுக்காதது என் தப்பு." அந்தப் பக்கத்துப் பேச்சையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னார்: "இவனைப் பிடிச்சுக் குடுத்துட்டா நாளைக்கு நான் யாருகூடம்மா பேசுறது?"

திங்கட்கிழமை ரீலிங் அக்காவைக் கூப்பிட்டு, யார் சொல்லி எல்லோரும் போனீர்கள் என்று விசாரித்தார். அக்கா பயந்துகொண்டேதான் வந்தார், ஆனாலும் நேராகச் சொன்னார்.

"யாரும் சொல்லல சார். யாராச்சும் பிரிச்சுச் சொல்லியிருந்தா பாதிப் பேரு வேலைக்கு வந்திருப்போம்."

மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வாரமே சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் புரட்டினார். பெரிய ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்து உட்கார ஒரு கமிட்டி அமைக்கலாம் என்று அதில் இருந்தது. அதற்குத் தடை எதுவும் வரவில்லை. ஓட்டுப் போடச் சொன்னார். பிட்டரும் இரண்டு ரீலிங் பெண்களும் ஜெயித்தார்கள். கமிட்டி கூடும் நாள் செவ்வாய்க்கிழமை. நடந்ததைக் குறிப்பெடுக்கும் வேலை எனக்கு. முதல் கூட்டத்திலேயே மின்விசிறி இரண்டு மெஷினுக்கும் நடுவில் வந்தது. மிச்சமிருந்த ஆடிச் சனிக்கிழமை, பகுதிக்குப் பாதிப் பேர் என்று பிரிந்தது.

ஆனால் போனஸைப் பற்றி அந்தக் கமிட்டியில் பேச முடியவில்லை. அந்தத் தீபாவளிக்குச் சட்டமே போனஸைக் குறைத்திருந்தது. பழையபடியே கொடுக்கலாம் என்று மேனேஜர் முதலாளிக்கு இரண்டு முறை எழுதினார், நான்தான் அடித்தேன். சட்டம் கேட்காததை நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. பெண்கள் போனஸ் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்கள். முன்பென்றால் வாசலில் நின்று கத்தித் தீர்த்திருப்பார்கள். தை பிறந்ததும் நல்ல வேலைக்காரிகள் நாலைந்து பேர் போடிக்கு ஏலக்காய் பிரிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் கையில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. மாதக் கணக்கு பார்க்க வந்த முதலாளி, ஏன் உற்பத்தி குறைகிறது என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன்.

பங்குனியில் அவசரநிலை நீங்கியது. கொட்டகைப் பூட்டு துருப்பிடித்திருந்ததால் கல்லை வைத்து உடைத்தார்கள். அன்று சாயங்காலம் வாசலில் மைக் கட்டி பிட்டர் பேசினார். ஒரு வருடத்துக்கும் மேலாக வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் அன்றே பேசிவிடுவது என்று வந்திருப்பார் போல. ஷிப்ட் சங்கு ஊதியும் நிறுத்தவில்லை. ரீலிங் அக்கா தரையில் தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார். உட்காரப் போன என்னை மேனேஜர் மாடி வராந்தாவிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார்.

"என்னையத் திட்டுறானா?"

"ஆமா சார்."

"திட்டட்டும். மைக்கை இந்தப் பக்கமாத் திருப்பச் சொல்லும்மா, பாதி கேக்க மாட்டேங்குது."

போய்ச் சொன்னேன். பிட்டர் பேச்சை நிறுத்தி மாடியை ஒரு முறை பார்த்தார். பிறகு தானே ஸ்டூலில் ஏறி, ஒலிபெருக்கிக் குழாயை ஆபீஸ் பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.